செவலைக்குப் போட்ட பனியன்

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. மதிப்பிற்குரிய என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஊரே உங்களை முதலாளி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன். ஆகவே, முதலாளி, இது உங்களுக்கு.

இன்று காலை உங்கள் மகன் ஆள் மூலம் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். கவரைப் பிரித்ததும் புதுப் பனியன் வாசம் குப்பென்று அடித்தது. பிளீச்சிங் நெடியும், துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் முக்கி எடுப்பார்களே அந்தச் சோப்பு வாடையும் கலந்த வாசம். திருப்பூரில் பாதிப் பேருக்கு அது சோறு போடும் வாசம். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். மடிப்பை விரித்தால் நெஞ்சுப் பக்கத்தில் உங்கள் முகம். முதலாண்டு நினைவு நாளாம். 'வாயில்லா ஜீவன்களின் காவலர்' என்று கீழே பச்சை எழுத்து. வெள்ளை வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். காலடியில் சிவப்புப் பனியன் போட்ட நாய்கள் நாலைந்து. படத்தின் ஓரத்தில், நாய்க் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண்ணின் வலது கை. கை மட்டும்தான். மற்றதை வெட்டிவிட்டார்கள்.

அது யாருடைய கை என்று சாகும்வரை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பார்சல் கொண்டுவந்தவர் ஒரு சேதியும் வைத்திருந்தார். "மேடையில ரெண்டு வார்த்த பேசோணுமாமுங்க டாக்டரம்மா. அப்பாவோட காப்பகத்துக்கு நீங்கதான் மொதல் டாக்டருன்னு சின்ன மொதலாளி சொன்னாருங்க." முதல் டாக்டர். அட, அது மட்டும் உங்கள் வீட்டில் ஞாபகம் இருக்கிறது பாருங்கள்.

நான் வந்து சேர்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கும் பட்டறைகளைத் தாண்டி, உங்கள் பழைய நூல் குடோனைத் தடுத்துக் கூண்டுகள் போட்டிருந்தீர்கள். உளிச் சத்தம் நின்றால் நாய் குரைக்கும், நாய் நின்றால் உளி கேட்கும். கால்நடைக் கல்லூரியை முடித்துவிட்டு, மாடு பார்க்கும் வேலை வேண்டாம் என்று எங்கள் கணியூர் வீட்டில் சண்டை போட்டு வந்தவள் நான். பொம்பளைப் பிள்ளை தெருநாய்க்கு வைத்தியம் பார்ப்பதா என்று அப்பா இரண்டு வாரம் பேசவில்லை. நீங்கள் எழுந்து நின்று கும்பிட்டீர்கள். "எனக்கு நாயின்னா உசுருங்க டாக்டரம்மா. வைத்தியமும் சரி, அதுகளப் பழக்குறதும் சரி, எல்லாம் உங்க பொறுப்புங்க. நான் குறுக்க வரமாட்டனுங்க" என்றீர்கள். நான் நம்பினேன். கொங்கு நாட்டில் ஒருவர் இத்தனை 'ங்க' போட்டுச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்.

முதல் வாரமே குறுக்கே வந்தீர்கள். உங்கள் கம்பெனியில் வெட்டிக் கழித்த பனியன் துணி மூட்டை மூட்டையாக வரும். அதைக் கூண்டில் பரப்பி நாய்களைப் படுக்கவைப்பது உங்கள் வழக்கம். பார்க்க அழகுதான், கலர் கலராக மெத்தை. ஆனால் பின்னல் துணி ஒரு முனை கிடைத்தால் போதும், சரசரவென்று பிரிந்து நீளும். குட்டி அதைச் சவைக்கும், விழுங்கும், நூல் குடலில் மாட்டிக்கொள்ளும். வந்ததும் அப்படி ஒரு குட்டியை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். வேண்டாம், சாக்குப் போதும் என்றேன். சிரித்தீர்கள். "எக்ஸ்போர்ட் துணியில படுக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றீர்கள். நான் சாக்கைத்தான் போட்டேன். நீங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உங்கள் மேனேஜர் பனியன் துணியைப் பரப்பிவிடுவார். நீங்கள் போனதும் நாங்கள் அள்ளுவோம். ஒரு காப்பகம் நடந்த லட்சணம் இது.

இன்னொன்றையும் சொல்கிறேன். கம்பெனியில் செக்கிங் மேஜையில் பீஸைத் தட்டிப் பார்த்து, இது பாஸ், இது செகண்ட்ஸ், இது ரிஜெக்ட் என்று பிரிப்பீர்களே, அதே வாயோடு கூண்டுகளுக்கு முன்னாலும் நடந்தீர்கள். காது மடங்கிய நாய் செகண்ட்ஸ். மூன்று கால் நாய் ரிஜெக்ட். கூட வந்த நண்பர்கள் சிரிப்பார்கள். "டாக்டரம்மா, சரக்குன்னா கண்ணுக்கு லட்சணமா இருக்கோணுமுங்க" என்பீர்கள். எரிச்சலில் நான் மருந்துப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவேன். உங்களுக்கு அது புரிந்ததே இல்லை.

உங்கள் கணக்கில் ரிஜெக்ட் ஆன நாய்தான் செவலை. செம்மண் நிறம், ஒடிசலான உடம்பு. நாய் பிடிக்கிறவர்களின் கம்பிச் சுருக்கில் மாட்டி, அறுத்துக்கொண்டு ஓடியது. கம்பி கழுத்திலேயே தங்கி, சதை அதன்மேல் மூடி, புழு வைத்து, மங்கலம் ரோட்டில் ஒரு தறிக்குடோன் பின்னால் சாகக் கிடந்தது. கொண்டுவந்தவள் மயிலாத்தாள்.

உங்களுக்கு மயிலாத்தாளைத் தெரியாது. உங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள், பிறகு உங்கள் காப்பகத்தில் கூண்டு கழுவியவள், நீங்கள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றவள். ஆனால் தெரியாது. எனக்கு அவள்தான் பாதிக் கை. மயக்க மருந்து கொடுத்துக் கம்பியை எடுக்கும்போது தலையைப் பிடித்தவள் அவள். ஒவ்வொரு புழுவாக எடுத்துப்போட்டபோது, "நாசமாப் போறவனுக, அவனுக கழுத்துல மாட்டோணும் இத" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் திட்டுக்கு நானும் உள்ளூர ஆமாம் போட்டேன்.

புண் ஆறியது. பயம் ஆறவில்லை. தலைக்கு மேல் ஒரு கை வந்தால் போதும், செவலைக்குக் கண் வெளிறிவிடும், உதடு தூக்கும், அடுத்தது கடிதான். குணம் கெட்ட நாய் என்று மேனேஜர் சொன்னார். குணம் இல்லை, ஞாபகம் என்றேன். ஆட்டு நுரையீரலை வேகவைத்துத் துண்டு போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் எறிவோம். அது வந்து தின்றுவிட்டுப் போகும். நாங்கள் திரும்ப மாட்டோம். பிறகு பக்கவாட்டில். பிறகு கையிலிருந்து. நெஞ்சுக்குக் கீழே தொடலாம், கழுத்துக்கு மேலே இல்லை. கழுத்துப்பட்டையே ஆகாது என்பதால் மயிலாத்தாள் பருத்தி நாடாவை மடித்துத் தைத்து, நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பட்டை செய்தாள். கூண்டின் மேல் நானே பெயிண்டில் எழுதினேன்: 'தலைக்கு மேலே கை நீட்டாதே.' ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. ஒருநாள் அதுவாகவே வந்து மயிலாத்தாள் மடியில் தாடையை வைத்தது. அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். "டாக்டரு, கால் மரத்துப்போச்சுங்க, ஆனா நான் நவுர மாட்டனுங்க" என்று கிசுகிசுத்தாள். நான் அழுதுவிட்டேன். படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது.

அப்புறம், துணி வாங்குகிற உங்கள் பையர் வந்தார்.

வெளிநாட்டு அம்மாள், வீட்டில் நாய் வளர்ப்பவர், பெரிய ஆர்டர். காப்பகத்தைக் காட்டினால் மனம் குளிரும் என்று கணக்குப் போட்டீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. வியாபாரி வியாபாரம்தான் செய்வார். ஆனால் அதற்கு மேல் உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது பாருங்கள், அது திருப்பூர்க்காரருக்கு மட்டும்தான் தோன்றும். அந்த அம்மாள் கம்பெனியின் பெயர் அடித்த சின்னக் குழந்தைகள் சைஸ் சிவப்புப் பனியன்களை எடுத்துவந்து, எல்லா நாய்க்கும் மாட்டச் சொன்னீர்கள்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சாதுவான நாய்களைப் பொறுக்கித் தருகிறேன், அவற்றுக்குப் போடுங்கள் என்றேன். மற்றதை விட்டுவிடுங்கள். செவலைப் பக்கம் போகவே கூடாது. குழந்தைப் பனியனின் கழுத்து இறுக்கமானது, தலை வழியாக இழுத்தால் கண்ணும் மறையும், கழுத்தும் இறுகும், அதற்கு அது கம்பிச் சுருக்கேதான் என்று விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டீர்கள். "சரிங்க டாக்டரம்மா. நீங்க சொன்னா சரிதானுங்க" என்றீர்கள்.

வாசலில் அந்த அம்மாளோடு, நான் பொறுக்கிக் கொடுத்த நாய்களோடு, படம் எடுத்தார்கள். பனியனில் இன்றைக்கு இருப்பது அந்தப் படம்தான். பிறகு, "பையர் டாக்டரோட பேசோணுங்கறாங்க, ஆபீஸுக்கு வாங்க" என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். மேஜையில் முந்திரி பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ். நான் ஊசி மருந்துகளைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் உங்கள் மேனேஜர் உள்ளே போய் மயிலாத்தாளிடம், "மீதி நாய்க்கும் மாட்டீரு. பையர் உள்ள வருவாங்க. டாக்டரம்மாவே சொல்லீட்டாங்க" என்றிருக்கிறார். அவள் கேட்டிருக்கிறாள்: "செவலைக்குங்களா? டாக்டரா சொன்னாங்க?" அவர் சொன்னாராம்: "ஆமாங்கறேன்ல?"

என் பெயரைச் சொன்னதால் அவள் போட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டாள். மேனேஜர் தானாகச் சொன்னார் என்று பின்னால் நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். அந்த ஆள் நீங்கள் தும்மச் சொன்னால்தான் தும்முவார். எனக்குத் தெரியாதா?

அலறல் கேட்டு ஓடினேன். செவலை கூண்டின் மூலையில், பாதி மாட்டிய சிவப்புப் பனியன் முகத்தை மூடியபடி, சுவரில் மோதி மோதிச் சுற்றியது. மயிலாத்தாள் வலது கையை இடது கையால் அழுத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கிழிந்து நரம்பு தெரிந்தது. "அதுக்கு மூச்சு முட்டுதுங்க டாக்டரு, மொதல்ல அதப் பாருங்க" என்றாள். நான் இரண்டையும் பார்த்தேன். நீண்ட கத்தரியால் கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்தே பனியனை நறுக்கிவிட்டேன். முகம் வெளியே வந்ததும் அது குரைக்கக்கூட இல்லை. படுத்து மூத்திரம் போய்விட்டது.

நீங்கள் வாசலில் நின்று அந்த அம்மாளிடம், சின்னக் கீறல் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "பையர் கார் ஏர்றதுக்குள்ள அத முடிச்சுருங்க" என்றீர்கள்.

அதற்கு நான் சொன்ன பதிலை வார்த்தைக்கு வார்த்தை இப்போதும் சொல்வேன். தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனால் ஊசியை மட்டும் நம்பி ஒரு மனுஷியின் உயிரைப் பணயம் வைக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால் இவளுக்கு வெறிநோய் பயம் இல்லை. "அது உசுரோட இருக்கறதுதானுங்க இவளுக்கு ஜாமீன். கொன்னுட்டா இவ என்ன ஆவாள்னு யாருக்குமே தெரியாம போயிருமுங்க" என்றேன். ஒரு நாயும் ஒரு பெண்ணும், இரண்டு உயிரும் நீங்கள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். "சரிங்க, சரிங்க. நாயி இங்கயே இருக்குமுங்க. நீங்க புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." உங்கள் காரையே கொடுத்தீர்கள். போகும் வழியில் மயிலாத்தாள், மொதலாளி நல்லவருங்க என்றாள். அதை என்னால் மறக்க முடியவில்லை, முதலாளி.

கட்டுப் போட்டுத் திரும்பியபோது கூண்டு கழுவிக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி. கதவில் செவலையின் நெஞ்சுப்பட்டை தொங்கியது. நாயைக் காணோம். முடித்தாயிற்று என்றார் மேனேஜர்; எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். பிடிக்கிற ஆட்களை வரவழைத்திருக்கிறீர்கள். கம்பிச் சுருக்கோடு.

மேனேஜரிடம் உடம்பு எங்கே என்றேன். தலை கிடைத்தால்கூடப் போதும், பரிசோதனைக்கு அனுப்பலாம், அவளுக்கு ஒரு பதில் கிடைக்கும் என்றேன். அவர் மணியைப் பார்த்தபடி சொன்னார்: "சாய ஆபீஸ் பாய்லர்ல போட்டாச்சுங்களே." விறகு எரிகிற பாய்லர். உங்கள் பனியனுக்குச் சிவப்பு ஏற்றுகிற அதே பாய்லர்.

அப்போதெல்லாம் வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி, நாளுக்கொன்றாக. மயிலாத்தாள் அத்தனையும் போட்டுக்கொண்டாள். வயிறு வீங்கி, சேலைக் கொசுவம் செருக முடியாமல் நடந்தாள். ஊசி முடிந்தும் பயம் முடியவில்லை. தண்ணீரைக் கண்டு மிரண்டால் கதை முடிந்தது என்று யாரோ அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தினமும் காலையில் சொம்பை எதிரே வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வருவாள். "இன்னைக்கும் தண்ணி எறங்குச்சுங்க டாக்டரு" என்பாள். மாதக்கணக்கில் இதைச் சொன்னாள். கை குணமான பிறகும் கட்டைவிரல் மடங்கியே நின்றுவிட்டது. மெஷினில் துணி பிடிக்க முடியாது. கம்பெனியில் திரும்ப எடுக்கவில்லை.

நீங்களோ காப்பகக் கமிட்டியில், "டாக்டரம்மா பாஸ் பண்ணுன நாயிங்க, நான் என்ன பண்றது" என்றீர்கள். அதே செக்கிங் மேஜை வார்த்தை. என்னை நேருக்கு நேர் திட்டியிருந்தால்கூட மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். கடைசிவரை 'ங்க' போட்டே கழுத்தை அறுத்தீர்கள். நான் வெளியே வந்தேன், மயிலாத்தாளும் வந்தாள். மங்கலம் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு தறிக்குடோனைப் பிடித்து நாங்களாக ஆரம்பித்தோம்.

இதோடு நின்றிருந்தால் உங்களை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் விடவில்லை. சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், வெள்ளைப் பொமரேனியனைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு எங்கள் குடோன் வாசலில் நின்றீர்கள். கோயமுத்தூர் வரை காட்டியும் வாந்தி நிற்கவில்லையாம். வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது, மறுமுனை உள்ளே போயிருந்தது. பனியன் நூல். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், வந்தது. அடக்கிக்கொண்டு கையைக் கழுவினேன்.

"பொழைக்குமுங்களா டாக்டரம்மா? என்ர உசுரே இதுதானுங்க" என்று சொல்லிக் குலுங்கி அழுதீர்கள். நடிப்பு இல்லை, உங்கள் நடிப்பு எனக்குத் தெரியும். அந்த நாயை நிஜமாகவே நேசித்தீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேசிக்கத் தெரிந்த மனிதர் அந்தப் பாய்லர் கதவை எப்படித் திறக்கச் சொன்னீர்கள்?

மயிலாத்தாள்தான் மேஜையில் அதைப் பிடித்துக்கொண்டாள், இடது கையால் தலையையும், மடங்கிய வலது கையால் இடுப்பையும். குடல் சுருக்குப்பை மாதிரி இறுகிக் கிடந்தது. நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். பிழைத்தது. எழுந்து வாலை ஆட்டியதும் நீங்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அப்போதுதான் அந்தக் கை உங்கள் கண்ணில் பட்டது.

"என்ன கண்ணு, நாயி கடிச்சுதா? பாத்துப் பக்குவமா இருக்க வேண்டாமா?" என்றீர்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், வேண்டாம் என்கிற பார்வை. பிறகு உங்களைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள். நீங்கள் உச்சுக் கொட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனீர்கள். ஏன் மறைத்தாய் என்று நான் கேட்டால், பெரியவங்க அழுது ஓஞ்சு நிக்கிறாங்க, இப்பப் போயி என்னத்தச் சொல்றதுங்க என்றாள். அன்றைக்கு அவளிடமும் எனக்குக் கோபம்தான்.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோது நான் ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அழவில்லை. இப்போதும் அழவில்லை. எங்கள் கூண்டுகள் எல்லாவற்றின் மேலும் அதே வரியைப் பெயிண்டில் எழுதியிருக்கிறோம், தலைக்கு மேலே கை நீட்டாதே என்று. செவலையின் நெஞ்சுப்பட்டை என் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. பயந்த நாய் வந்தால் அந்தப் பட்டையின் மாதிரியில்தான் புதிதாகத் தைக்கிறோம். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றும், மயிலாத்தாளின் அந்த 'ஆமாங்க'வும். பட்டை லேசாக இருக்கிறது. மற்றது அப்படி இல்லை.

பனியனை என்ன செய்வது என்று யோசித்தேன். கிழித்து நாய்க்குப் போடலாம் என்றால் அதற்கும் உதவாது, நூல் குடலில் மாட்டும். மயிலாத்தாள் வந்து வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓரத்திலேயே கண் நின்றது. "இது என்ர கையிங்க டாக்டரு" என்றாள். பிறகு, "வெரலு எத்தன நேரா இருந்திருக்குதுங்க பாருங்க" என்றாள். மடங்கிய கட்டைவிரலை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"நெனவு நாளுக்கு வர்றியா?" என்றேன்.

அவள் துணியை நாலாக மடித்தாள். "வர்றனுங்க" என்றாள். "இந்தத் தடவ நீங்க பேசறத நான் தடுக்க மாட்டனுங்க."

வருகிறோம், முதலாளி. மேடையில் ஏறி உங்கள் மகன் கேட்ட இரண்டு வார்த்தை பேச மாட்டேன். முன் வரிசையில் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் கையை மடியில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வாள். நம் ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் குனிந்து, அக்கறையாகத்தான், ஏனுங்க, நாயி கடிச்சுதுங்களா என்று கேட்பார். அவள் என்னைப் பார்ப்பாள். அப்போது நான் சொல்வேன், உங்கள் படத்துக்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

இல்லீங்க.